ஒருவரும் வராத மாதத்துக்கும் ஒரு கணக்கு

எங்கள் குடும்பத்தில் தங்கும் விடுதி நடத்துகிற மூன்றாவது தலைமுறை நான். தாத்தா தொடங்கினார், அப்பாவும் அத்தையும் வளர்த்தார்கள், இப்போது நானும் சித்தப்பா மகனும் பார்த்துக்கொள்கிறோம். பெரிய இடமில்லை, இருபது அறைகூட இல்லை. இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர்களும் சரி, ஏற்கெனவே இறங்கி விழி பிதுங்கிக்கொண்டிருப்பவர்களும் சரி, என்னிடம் கேட்பது ஒன்றுதான்: இத்தனை காலம் எப்படித் தாக்குப்பிடித்தீர்கள்? சுத்தம், உபசரிப்பு, சிரித்த முகம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அதெல்லாம் வேண்டும்தான். ஆனால் எனக்குத் தெரிந்து மூடிப்போன விடுதிகளிலும் அதெல்லாம் குறைவில்லாமல் இருந்தது.

துணிக்கடையில் இன்று விற்காத சட்டையை அடுத்த வாரம் விற்கலாம். இன்றிரவு காலியாகக் கிடந்த அறை போனது போனதுதான். அறை காலி என்பதற்காகக் கடன் தவணை நிற்காது, காப்பீடு நிற்காது, வரியும் காவல்காரர் சம்பளமும் நிற்காது. ஆள் வந்தால் கூடுதலாக ஆவது கொஞ்சம்தான்: துவைப்பு, சோப்பு, வெந்நீர், விளக்கு. ஆள் வராவிட்டாலும் ஓடுகிற செலவுதான் மலை. எங்கள் வீட்டில் அதற்குக் 'கதவுச் செலவு' என்று பெயர், அத்தை வைத்தது. ஒருவர்கூட வராத மாதத்தில் வெறுமனே கதவைத் திறந்துவைக்க எவ்வளவு ஆகும் என்று வருடத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து கணக்குப் போடுவார். ஆறு மாதக் கதவுச் செலவு கையிருப்பில் இல்லாமல் புதிதாக ஒரு நாற்காலிகூட வாங்கவிட மாட்டார். எங்கள் விடுதியின் வரலாற்றை எழுதச் சொன்னால், அந்தத் தொகையைக் குறைக்க அந்தந்தக் காலத்தில் என்ன செய்தோம் என்பதே முக்கால்வாசி இருக்கும்.

அத்தைக்கு இந்தக் கணக்குப் புத்தி வந்தது 1973-ஆல். அந்த வருடம் அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை போட்டன. சில மாதங்களுக்குள் கச்சா எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானது. தாத்தாவின் விடுதி நெடுஞ்சாலையை நம்பி நின்றது. இரவில் வண்டி ஓட்டிக் களைத்து வந்து இறங்குகிறவர்கள்தான் வாடிக்கை. வண்டிகள் குறைந்தன, அறைகள் காலியாயின. அந்த நேரம் பார்த்துத் தாத்தா மாடி எழுப்பக் கடன் வாங்கியிருந்தார். வாடகையைப் பாதியாக இறக்கிப் பார்த்தார். சாலையில் ஆளே இல்லாதபோது பாதி வாடகைக்கு மட்டும் யார் வருவார்கள்? எப்படியும் வந்திருக்கக்கூடிய நாலு பேர் பாதி காசு கொடுத்துவிட்டுப் போனார்கள். அப்போதுதான் பள்ளிப் படிப்பை முடித்திருந்த அத்தை கல்லாவில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாடகைக் குறைப்பு பற்றி எங்கள் வீட்டில் இன்றுவரை மாறாத கொள்கை அங்கே பிறந்தது. ஊருக்குள் ஆட்கள் வருகிறார்கள், ஆனால் வேறு விடுதிக்குப் போகிறார்கள் என்றால் விலையைத் தொட்டுப் பார்க்கலாம். ஆட்கள் பயணமே போகவில்லை என்றால் விலையைத் தொடக்கூடாது. அப்போது செலவைத்தான் தொட வேண்டும், அல்லது வேறு வகை ஆட்களைத் தேட வேண்டும். 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு 2009-இல் உலக அளவில் வெளிநாட்டுப் பயணிகள் வரவு சுமார் 4 சதவீதம் குறைந்தது. கேட்பதற்கு அற்பமான எண். ஆனால் விடுதிக்காரர் லாபம் என்று பார்ப்பது மாதத்தின் கடைசிச் சில அறைகளில்தான், அதற்கு முன் நிரம்பியதெல்லாம் கதவுச் செலவுக்கே போய்விடும். வரவில் 4 சதவீதம் போனால் லாபத்தில் அதைப் போலப் பல மடங்கு போகும். அந்த நேரத்தில் பதறி வாடகையை இறக்கியவர்கள் மறுபடி ஏற்றுவதற்குள் பல வருடம் ஆயிற்று. நாங்கள் வாடகையை அப்படியே வைத்துக்கொண்டு வேறு சலுகைகள் கொடுத்தோம். மத்தியானம் வரை இருந்துவிட்டுக் காலி செய்யலாம், ஒரு வாரம் தங்கினால் துவைப்பு இலவசம், மாதக்கணக்கில் தங்கினால் தனி வாடகை. சலுகையை நிறுத்துவது சுலபம். இறக்கிய வாடகையை ஏற்றினால் பழைய வாடிக்கையாளர் முகம் சுருங்கும்.

அடுத்த அடி புறவழிச்சாலை. இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. அமெரிக்காவில் 1956-இல் புதிய பெருவழிச்சாலைத் திட்டம் தொடங்கி, பழைய 66-ஆம் எண் சாலை 1985-இல் நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டபோது, அதன் ஓரம் இருந்த சிறு விடுதிகள் எத்தனையோ அடையாளமில்லாமல் போயின. எங்கள் பக்கமும் சாலை விலகிப் போனது. அப்பா தளர்ந்துவிட்டார். அத்தை ரெஜிஸ்டரை எடுத்து மேசைமேல் வைத்தார்.

அந்த ரெஜிஸ்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெயர், முகவரி, வந்த நேரம், போன நேரம் எல்லா விடுதியிலும் எழுதுவார்கள். அத்தை கூடுதலாக இரண்டு கட்டம் போட்டிருந்தார்: வந்த காரணம், யார் சொல்லி வந்தார். முதல் கட்டத்தில் 'இரவு ஓய்வு' என்று எழுதியிருந்தவர்களை ஒரு நிறத்தில் அடிக்கோடிட்டார். அவர்கள் இனி வரப்போவதில்லை. மிச்சம் இருந்தவர்கள் யார்? ஆஸ்பத்திரியில் இருக்கும் உறவினரைப் பார்க்க வந்தவர், கோர்ட்டு வேலையாக வந்தவர், தேர்வு எழுத வந்த பெண்ணும் அவளுடைய அப்பாவும், மெஷின் பழுது பார்க்க வந்த மெக்கானிக், கல்யாண வீட்டில் இடம் போதாமல் வந்தவர்கள். சாலை எங்கே போனாலும் இவர்களுக்கு ஊருக்குள் வேலை இருக்கிறது. "இனிமே இவங்களுக்காகத்தான் நடத்துறோம்னு நெனச்சுக்கோ அண்ணே" என்றார். அதற்குப் பிறகு செய்ததெல்லாம் அதன்படிதான். ஆஸ்பத்திரிக்கு வருகிறவருக்கு இரவு எந்த நேரமும் கதவு திறக்க வேண்டும், தேர்வுக்கு வருகிறவருக்கு நல்ல மேசை விளக்கும் சத்தமில்லாத பின்பக்க அறையும் வேண்டும், மெக்கானிக்குக் கிரீஸ் கறை போக வேறு துண்டு வேண்டும். பெரிய செலவு எதுவும் இல்லை. இன்றைக்கு கம்ப்யூட்டரில்தான் பதிவு என்றாலும் அந்த இரண்டு கட்டத்தையும் விடவில்லை. புதிதாக விடுதி தொடங்குகிறவர்களிடம் நான் முதலில் சொல்வதும் இதுதான்: வந்த காரணத்தைக் கேட்டு எழுதுங்கள். காசு கொடுத்து வாங்கும் எந்த ஆய்வறிக்கையும் அந்தக் கட்டத்துக்கு ஈடாகாது.

அடுத்து குளியலறை. அறைக்கு ஒரு குளியலறை என்பதை எல்ஸ்வொர்த் ஸ்டாட்லர் அமெரிக்காவின் பஃபலோ நகரில் 1908-லேயே செய்துவிட்டார். இரண்டு அறைகளின் குளியலறைகளை முதுகோடு முதுகாக வைத்து, மாடிக்கு மாடி ஒரே குழாய்க் கூண்டில் எல்லாவற்றையும் இறக்கியதால் அவருக்குச் செலவு கட்டுப்பட்டது. எங்கள் தாத்தா கட்டியது தாழ்வாரக் கோடியில் பொதுக் குளியலறை. அதை மாற்ற அப்பா சில அறைகளையே பலி கொடுத்தார், ஸ்டாட்லர் செய்தது போலவே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அறை எண்ணிக்கை குறைந்தது, தாத்தா ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. ஆனால் பெருக்க, துவைக்க, பழுது பார்க்க வேண்டிய அறைகளும் குறைந்தன, மிச்ச அறைகள் அடிக்கடி நிரம்பின. அறைகளின் எண்ணிக்கை ஒரு கெளரவம் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

இணையத்தில் அறை பிடிக்கும் காலம் வந்ததைத்தான் பலரும் பெரிய புரட்சியாகப் பேசுகிறார்கள். புக்கிங்.காம் நெதர்லாந்தில் 1996-இல் தொடங்கியது, டிரிப் அட்வைசர் 2000-இல், ஏர்பிஎன்பி 2008-இல். எங்களைப் போன்ற சின்ன விடுதி யாருக்கும் தெரியாமல் கிடந்தது போய், எங்கோ இருப்பவர் படம் பார்த்து அறை எடுக்க முடிந்தது நல்லதுதான். அதற்கு ஒரு விலை உண்டு. கமிஷன் பொதுவாக 15 சதவீதத்தில் ஆரம்பிக்கும். வாடகை நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் வந்ததால் ஆகும் செலவு இருபத்தைந்து, கதவுச் செலவில் அந்த அறையின் பங்கு ஐம்பது, மிச்சம் இருபத்தைந்து. கமிஷன் பதினைந்து போவது அந்த நூறிலிருந்து என்று தோன்றும். உண்மையில் போவது கடைசி இருபத்தைந்திலிருந்து. பாதிக்கு மேல் போய்விட்டது.

அதற்காகத் தளங்களைத் திட்டித் தீர்க்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. முதல் தடவை வருகிற விருந்தினரைக் கொண்டுவந்து சேர்த்ததற்கான விளம்பரச் செலவு என்று எடுத்துக்கொண்டால் அந்தப் பதினைந்து நியாயம்தான். அதே ஆள் நான்காவது தடவையும் தளம் வழியாகவே வந்தால் அது நம் அசட்டை. காலி செய்யும்போது, "அடுத்த தடவை நேரா போன் பண்ணுங்க, பின்பக்கம் அமைதியான ரூமா எடுத்து வைக்கிறேன்" என்று சொல்ல ரிசப்ஷனில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும். வாடகையைக் குறைத்துச் சொல்லத் தேவையில்லை, எந்த அறை என்று உறுதி சொல்வதே பெரிய சலுகை. உங்கள் சொந்தத் தளத்தில் அவர்களைவிடக் குறைந்த விலை காட்டக்கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருக்கலாம். பிரான்ஸ் 2015-லேயே சட்டம் போட்டு அதை ரத்து செய்தது, பிற்பாடு ஐரோப்பாவில் வேறு நாடுகளும் அந்த வழிக்கு வந்தன. எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. கையெழுத்துப் போடும் முன் அந்தப் பக்கத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

எந்தத் தளத்திலும் காட்டாத ஒரு அறை எங்களிடம் எப்போதும் உண்டு. இரண்டு தளங்களில் ஒரே அறை ஒரே நிமிடத்தில் விற்றுப்போய், இரவு பதினொரு மணிக்குக் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் வாசலில் நின்றதிலிருந்து இந்த ஏற்பாடு. எல்லாத் தளத்தையும் ஒருங்கிணைக்கும் மென்பொருள் இப்போது இருக்கிறது, நாங்களும் வைத்திருக்கிறோம், ஆனாலும் அந்த அறையை விடவில்லை. குழாய் உடைந்தாலும், பழைய வாடிக்கையாளர் சொல்லாமல் வந்து நின்றாலும் அதுதான் கைகொடுக்கிறது.

ஒரே அறைக்கு நாளுக்கொரு வாடகை என்பதை அப்பா கடைசிவரை ஏற்கவில்லை. அமெரிக்காவில் 1978-இல் விமானக் கட்டணக் கட்டுப்பாடு நீங்கிய பிறகு விமான நிறுவனங்கள் கண்டுபிடித்த வித்தை அது, அங்கிருந்து பெரிய ஹோட்டல்கள் கற்றுக்கொண்டன. "நேத்து வந்தவன் ஏமாந்தவனா?" என்பார். கடைசியில் ஒரு சமரசம்: கூடுதலுக்கும் குறைவுக்கும் ஒரு எல்லை, அதை எழுதி ரிசப்ஷனில் ஒட்டிவிடுவது, ரெஜிஸ்டரில் பழைய பெயராக இருந்தால் வருடம் முழுக்க ஒரே வாடகை. மென்பொருள் சொல்வதைவிடக் குறைவாகத்தான் சம்பாதிக்கிறோம். எனக்கு அதில் வருத்தமில்லை.

இனி குடும்பம். குடும்பத் தொழிலைப் பற்றி எழுதுகிறவர்கள் பாசம், விட்டுக்கொடுத்தல் என்றெல்லாம் எழுதுவார்கள். நான் சம்பளத்தைப் பற்றி எழுதுகிறேன். என் அண்ணன்தான் பல வருடம் இரவு ரிசப்ஷனைப் பார்த்தான். சாப்பாடு வீட்டில், கைச்செலவுக்குக் கல்லாவிலிருந்து கொஞ்சம். அவனுக்கு வேறு வேலை கிடைத்துப் போனான். அந்த இடத்துக்கு ஆள் போட விசாரித்தபோதுதான் வெளிச்சம் வந்தது. இரவுக்குப் பத்து மணி நேரம், வாரத்துக்கு எழுபது மணி நேரம். வார விடுப்பு, உடம்பு சரியில்லாத நாள் எல்லாம் சேர்த்தால் ஒரு ஆள் போதாது, இரண்டு பேர் வேண்டும். அந்தச் சம்பளத்தைக் கணக்கில் ஏற்றியதும் லாபத்தில் ஓடிக்கொண்டிருப்பதாக நாங்கள் நம்பிய விடுதி நஷ்டத்தில் நின்றது.

அண்ணனோடு நிற்கவில்லை. அம்மா இத்தனை வருடம் பார்த்தது என்ன வேலை? ஒவ்வொரு கட்டிலுக்கும் மூன்று செட் விரிப்பு: ஒன்று கட்டிலில், ஒன்று துவைப்பில், ஒன்று அலமாரியில். எது கிழிந்தது, எது பழுப்பேறியது, எதைக் கிழித்துத் துடைக்கும் துணி ஆக்கலாம் என்பதெல்லாம் அம்மா தலையில்தான் இருந்தது. கணக்குப் புத்தகத்தில் அம்மாவுக்கு ஒரு வரிகூட இல்லை. அந்த வருடம் முதல் குடும்பத்தில் யார் வேலை செய்தாலும் வெளி ஆளுக்கு என்ன கொடுப்போமோ அதைச் சம்பளமாக எழுதுகிறோம். கையில் காசு இல்லாத மாதத்தில் 'பாக்கி' என்று எழுதுகிறோம், ஆனால் எழுதாமல் விடுவதில்லை. வீட்டு ஆட்களின் இலவச உழைப்பை வைத்து வாடகை நிர்ணயித்தால், அந்த ஆட்களில் ஒருவர் படுத்தாலோ கிளம்பினாலோ விடுதி விழுந்துவிடும். இன்னொரு லாபமும் உண்டு, சண்டை குறைந்தது. யார் அதிகம் உழைத்தார்கள் என்பது பேச்சாக இருந்தவரை முடிவே இல்லை. எண்ணாக ஆனதும் பாதி அடங்கிவிட்டது. மீதிப் பாதி எல்லா வீட்டிலும் இருப்பதுதான்.

2020-க்கு வருகிறேன். மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அழைத்தது. அதற்கு முன்பே போன் மணி ஓயவில்லை, எல்லாம் கேன்சல். 2019-இல் உலகம் முழுக்க எல்லை தாண்டிய பயணங்கள் சுமார் 146 கோடி, 2020-இல் அது சுமார் 40 கோடிக்கு இறங்கியது. பல விடுதிகளை அந்த வாரங்களில் கவிழ்த்தது வருமானம் நின்றதைவிட, வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்க வழியில்லாததுதான். வந்த முன்பணத்தைச் சம்பளத்துக்கும் பெயின்ட்டுக்கும் செலவழித்திருந்தார்கள்.

எங்களிடம் அது தனி வங்கிக் கணக்கில் இருந்தது. இதுவும் அத்தையின் ஏற்பாடு. போன் பண்ணியவர்களிடம் அவரே பேசினார்.

"நிலைமை இப்படி ஆயிடுச்சுங்க, நாங்க கட்டின அட்வான்ஸ்..."

"அக்கவுண்ட் நம்பர் சொல்லுங்க. சாயங்காலத்துக்குள்ள வந்துரும்."

பக்கத்தில் நின்ற தம்பிக்கு மனசு ஆறவில்லை. "அத்தை, அடுத்த வருஷத்துக்குள்ள எப்ப வேணா வந்து தங்கிக்கலாம்னு சொல்லிப் பார்க்கலாமே?"

"அது நம்ம பணம் இல்லப்பா. சாவியத் திருப்பிக் குடுக்குற வரைக்கும் அது அவங்க பணம்."

வேறு பல விடுதிகள் 'பிறகு வந்து தங்கலாம்' என்ற சீட்டைத்தான் கொடுத்தன. சட்டப்படி அதில் தவறில்லாத இடங்களும் உண்டு. ஆனால் மறுபடி கதவு திறந்த மாதத்தில் அவர்களிடம் வந்தவர்களில் பலர் ஏற்கெனவே காசு கட்டியவர்கள், கையில் புதுப்பணம் விழவில்லை. எங்களுக்கு வந்தவர்கள் புதிதாகக் கட்டினார்கள்.

ஊரடங்கில் ஆள் வராமல் போவது மட்டும் நடக்காது, வந்த ஆள் போக முடியாமலும் மாட்டிக்கொள்வார். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வான்வெளி கிட்டத்தட்ட ஒரு வாரம் மூடியிருந்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் விமானங்கள் ரத்தாகி, ஹோட்டல்கள் நகர முடியாத பயணிகளால் நிரம்பின. எங்களிடமும் மெஷின் வேலைக்கு வந்த ஒருவர் மாட்டிக்கொண்டார். மாத வாடகைக்கு மாற்றிக் கொடுத்தோம். சும்மா இருக்க முடியாத மனிதர், தண்ணீர் மோட்டாரின் கன்ட்ரோல் பெட்டியைக் கழற்றிப் புதிதாக வயர் இழுத்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

நெருக்கடியிலும் நகர்ந்துகொண்டிருப்பவர் யார் என்று தேடியதில் கிடைத்தவர்கள் செவிலியர்கள். வீட்டில் வயதானவர்கள் இருப்பதால் திரும்பிப் போகத் தயங்கியவர்கள். அருகிலிருந்த மருத்துவமனையோடு பேசி ஒரு மாடியை மொத்தமாகக் கொடுத்தோம். வாடகை குறைவு, கதவுச் செலவுக்குச் சற்று மேலே. ஆனால் ஒரே பில், கமிஷன் இல்லை, தினசரி அறை மாற்றம் இல்லை. இப்படி மொத்தமாகக் கொடுக்கும்போது காலத்தைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள், மாதாமாதம் புதுப்பிக்கலாம். கெட்ட காலத்து விலையில் இரண்டு வருட ஒப்பந்தம் போட்டுவிட்டு, சீசன் திரும்பியபோது கையைப் பிசைந்தவர்களை எனக்குத் தெரியும்.

வேலையாட்கள் விஷயத்தில் ஒன்று மட்டும் செய்தோம். கையிருப்பு எத்தனை மாதம் வரும் என்று எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னோம். பாதிப் பேரை அனுப்பாமல் எல்லோருக்கும் பாதி ஷிஃப்ட், அதற்குரிய சம்பளம். நல்ல மனது என்று யாரும் பாராட்ட வேண்டாம், புது ஆளைப் பழக்க எவ்வளவு ஆகும் என்று எனக்குத் தெரியும். 2021, 2022-இல் பல நாடுகளில் ஹோட்டல்கள் திறந்தும் ஆள் கிடைக்காமல் திண்டாடின. ஆட்குறைப்பில் வெளியே போனவர்கள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள், திரும்பவில்லை.

மூடிக் கிடந்த கீழ்த்தளத்தைத் திறந்த விதத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் சொல்லித் தருவதில்லை. கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்தது சாக்கடை நாற்றம். எங்கோ குழாய் உடைந்திருக்கிறது என்று பதற வேண்டாம். தரை வடிகாலின் வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், அதுதான் நாற்றத்தை மேலே வரவிடாமல் அடைப்பது. மாதக்கணக்கில் யாரும் குளிக்காவிட்டால் அது ஆவியாகிவிடும். ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினாலே போதும். மூடியிருக்கும் காலத்தில் வாரம் ஒருமுறை இதைச் செய்தால் நாற்றமே வராது.

ஆபத்து குழாயில் நிற்கும் தண்ணீரில். 1976-இல் பிலடெல்பியாவின் பெல்வ்யூ ஸ்ட்ராட்ஃபோர்ட் ஹோட்டலில் முன்னாள் படைவீரர் சங்க மாநாட்டுக்கு வந்தவர்களில் பலருக்குக் கடுமையான நிமோனியா, ஏறத்தாழ 30 பேர் இறந்தார்கள். காரணமான பாக்டீரியாவை 1977 ஜனவரியில்தான் அடையாளம் கண்டார்கள், லெஜியோனெல்லா என்று பெயர் வைத்தார்கள். அதற்குள் அந்த ஹோட்டல் ஆள் வராமல் மூடப்பட்டிருந்தது. வெதுவெதுப்பான, தேங்கிய தண்ணீரில் அது பெருகும், ஷவரிலிருந்து வரும் நுண்துளியை மூச்சில் இழுத்தால் நோய். 2020-இல் பல நாட்டுச் சுகாதாரத் துறைகள் மூடிய கட்டடங்களுக்கு இந்த எச்சரிக்கையைத்தான் விடுத்தன.

நாங்கள் தொட்டியை முழுக்க வடித்துத் தேய்த்துக் கழுவினோம். வெந்நீர்த் தொட்டியை 60 டிகிரிக்கு மேல் ஏற்றி வைத்தோம். ஷவர் தலைகளைக் கழற்றி, படிந்த சுண்ணாம்பைப் போக்கி, கிருமிநாசினியில் ஊறவைத்தோம். ஷவர் தலை இல்லாமல் வெறும் குழாயை வாளிக்குள் விட்டு, துளி தெறிக்காதபடி மெதுவாகத் திறந்தோம், முகக்கவசத்தோடு. தொட்டிக்குப் பக்கத்து அறையில் தொடங்கிக் கடைசி அறை வரை. முதலில் வந்தது தேநீர் நிறத் தண்ணீர், அது தெளிந்து, பிறகு சூடேறி, குழாயைத் தொட முடியாத சூடு வந்தபின் சில நிமிடம் ஓடவிட்டோம். வாஷர்கள் காய்ந்து சுருங்கியிருந்ததால் பாதிக் குழாய்கள் ஒழுகின, அதற்கு ஒரு பெட்டி வாஷர் முன்பே வாங்கி வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. தளத்தை மூடும்போதே மெத்தைகளை நிமிர்த்திச் சுவரோடு சாய்க்காமல் நடுவில் நிறுத்தி வைத்திருந்தோம், பூஞ்சை பிடிக்கவில்லை.

நெருக்கடி முடிந்த பிறகு உணவுக்கூடத்தைத் திறக்கவே இல்லை. கதவுச் செலவில் அதன் பங்கைப் பார்த்த பிறகு மனசு வரவில்லை. பக்கத்து உணவகத்தோடு ஏற்பாடு செய்துகொண்டோம், அறைக்குக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். ஒரு சிலர் குறை சொல்கிறார்கள். கேட்டுக்கொள்கிறோம்.

இப்போது எங்கள் வீட்டில் ஓடுகிற பேச்சு அடுத்த தலைமுறை பற்றியது. என் மகளுக்கு இதில் நாட்டமில்லை, தம்பி பிள்ளைகள் சின்னவர்கள். ஜப்பானில் நிஷியாமா ஆன்சென் கெய்யுன்கான் என்ற வெந்நீர் ஊற்று விடுதி 705-இல் தொடங்கியது, உலகின் மிகப் பழைய ஹோட்டல் என்று கின்னஸ் பதிவு உள்ளது. 52 தலைமுறையாக ஒரே குடும்பம் என்பார்கள், அதில் தத்து எடுத்த வாரிசுகளும் அடக்கம். கடைசியில் வாரிசு இல்லாமல் 2017-இல் அங்கேயே நீண்டகாலம் வேலை பார்த்தவரிடம் பொறுப்பு போயிற்று. 52 தலைமுறைக்காரர்களுக்கே அது சரியென்றால் எங்களுக்கு என்ன வந்தது?

கூட்டுப் பத்திரத்தைத் திருத்தி எழுதியிருக்கிறோம். குடும்பத்தில் யாரும் முன்வராவிட்டால், வெளியே விற்பதற்கு முன் எங்கள் மேலாளருக்கு முதல் உரிமை. விலையை நிர்ணயிக்கும் முறையும் அதிலேயே இருக்கிறது: கடைசி மூன்று வருடச் சராசரி லாபம், நிலத்தின் மதிப்பு தனியாக. அறைகளைத் துடைப்பதிலிருந்து தொடங்கி ரிசப்ஷனுக்கு வந்தவர் அவர். விஷயத்தைச் சொன்னதும் யோசிக்க நேரம் கேட்டார், பிறகு ஒரு நிபந்தனை போட்டார். வரிக்குக் காட்டும் கணக்கு தனக்கு வேண்டாமாம், வீட்டு ஆட்களின் சம்பளப் பாக்கியெல்லாம் எழுதி அத்தை வைத்திருக்கும் நோட்டுப் புத்தகங்களைத்தான் பார்க்க வேண்டுமாம். அத்தை அவற்றை இன்னும் கொடுக்கவில்லை. முதலில் தானே ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.